நடந்து காட்டுங்க, மாமா

என் மனைவி லோஷினியின் ஒரு வருடத் திதி முடிந்தது. ஐயர் போனார். சொந்தக்காரர்கள் போனார்கள். லோஷினியின் அப்பா மட்டும் என் வீட்டில் இருந்தார்.

அவருக்கு மகன் இல்லாமல் இல்லை. விஜயன் இருக்கிறான். ஸ்கூடாயில் அடுக்குமாடி வீடு, சிங்கப்பூரில் வேலை. ஆனால் மாமாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கால் இழுத்துக்கொண்டபோது, "அப்பா எங்களோட இருக்கட்டும்" என்று லோஷினிதான் அவரைக் கூலாய்க்கு அழைத்து வந்தாள். பிறகு அவளுக்கு டெங்கி வந்தது. அவள் போய்விட்டாள். அவர் இருந்துவிட்டார்.

ஒரே வீட்டில் மனைவியை இழந்த இரண்டு ஆண்கள். காலையில் நான் காபி கலக்குவேன். அவர் குடிப்பார். மாலையில் அவர் டிவியைப் போடுவார். நான் பார்ப்பேன். அவ்வளவுதான்.

முதியோர் இல்லம் தேடும் வேலை சில மாதங்களாக நடக்கிறது. இங்கே எல்லோரும் அதை ஹோம் என்றுதான் சொல்கிறார்கள். விஜயன் மூன்று விஷயம் பார்த்தான்: ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்க வேண்டும், கட்டணம் அவனுக்குக் கட்டுப்படியாக வேண்டும், மனிதன் இருக்கிற இடம் மாதிரி இருக்க வேண்டும். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். டெங்கி இருக்கக் கூடாது.

இதுவரை அவன் காட்டிய எல்லா ஹோமையும் நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒன்றில் அடைத்துக்கொண்ட சாக்கடை. இன்னொன்றில் பின்புறம் பழைய டயர்கள். மச்சானுக்கு என்மேல் கோபம். மாமா அதை வேறு மாதிரிப் புரிந்துகொண்டார். கோயிலில் தன் சிநேகிதர் தங்கராஜுவிடம் சொல்லியிருக்கிறார்: "மாப்பிள்ளை கொசுவைச் சாக்கு வச்சு என்னைக் காப்பாத்துறாரு. பெத்தவன்கூட செய்யமாட்டான்."

தங்கராஜு அதை என்னிடம் சொன்னபோது நான் மறுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா தங்காக்கிலிருந்து கூப்பிட்டாள்.

"ரூபன், அடுத்த ஞாயித்துக்கிழமை ஷாமளா வீட்டுல வராங்க. வீடு பார்க்கணுமாம்."

"பார்க்கட்டும்."

"அந்த மனுஷன்?"

"இன்னைக்கு ஹோம் பார்க்கப் போறோம்மா."

"பார்த்துக்கிட்டேதான் இருக்கீங்க. செத்துப்போன பொண்டாட்டியோட அப்பா ஹால்ல உட்கார்ந்து டிவி பார்த்துக்கிட்டு இருந்தா, எந்தப் பொண்ணுடா உள்ள வருவா? நான் கெட்டவ மாதிரி பேசுறேன்னு நினைக்காத. அவருக்கு மகன் இருக்கான்ல?"

"இருக்கான்."

"அப்புறம் என்ன?"

அப்புறம் ஒன்றுமில்லை. போனை வைத்தேன்.

ஷாமளாவை ஒருமுறை பார்த்திருக்கிறேன். தங்காக்கில் ஒரு துணிக்கடையில், அம்மாவின் ஏற்பாடு. கண்ணாடி போட்டிருந்தாள். ஒரு புடவையை எடுத்து மடித்து வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தாள். அதிகம் பேசவில்லை. நானும் பேசவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. இந்த விஷயம் விஜயனுக்குத் தெரியாது. மாமாவுக்கும் தெரியாது.

வீட்டுக்குள் டொக், டொக் என்று சத்தம். மாமா ஹாலிலிருந்து சமையலறைக்கும் சமையலறையிலிருந்து ஹாலுக்கும் நடந்துகொண்டிருந்தார். நான்கு கால் வைத்த ஊன்றுகோலை, இங்கே தொங்காட் என்பார்கள், முதலில் ஊன்றுவார். பிறகு இடது கால். பிறகு வலது காலை இழுத்துக்கொண்டு வந்து சேர்ப்பார். ஹோம் என்ற பேச்சு எழுந்த நாளிலிருந்து தினமும் இதுதான். யாரும் அவரைப் பழகச் சொல்லவில்லை.

"நேத்தைக்கு இன்னைக்குத் தேவலாம், இல்ல மாப்பிள்ளை?"

"தேவலாம் மாமா."

அவர் குளிக்கப் போனதும் நான் அவருடைய பையை வெளியே கொண்டுபோய், வந்து நின்ற விஜயனின் காரில் பின்னால் வைத்தேன்.

"எல்லாம் இருக்கா மச்சான்?" என்றான் விஜயன்.

"இருக்கு."

"அவருக்குத் தெரியுமா?"

"பார்க்கப் போறோம்னுதான் சொல்லியிருக்கேன்."

அவன் மனைவி யோகேஸ்வரி முன் இருக்கையில் இருந்தபடி கண்ணாடியை இறக்கினாள். "இன்னைக்காவது முடிச்சிடுங்க தம்பி. எங்க வீடு மேல் மாடி. லிஃப்ட் பாதி நாள் ஓடாது. இல்லைன்னா நாங்களே வச்சுக்க மாட்டோமா?"

இதை அவள் சந்திக்கும்போதெல்லாம் சொல்வாள். நான் எப்போதும் தலையசைப்பேன்.

அன்றைக்கு முதல் ஹோம் ஸ்கூடாயில், டயர் கடைக்கு மேலே. ஒரு சீன அம்மையார் நடத்துகிறார். இடம் சுத்தம். தரையில் முகம் பார்க்கலாம். ஜன்னல்கள் எல்லாவற்றுக்கும் கம்பி. கட்டில்கள் ஒன்றையொன்று ஒட்டிக் கிடந்தன. படுத்திருந்தவர்கள் எங்களைப் பார்த்தார்கள், பிறகு கூரையைப் பார்த்தார்கள். சமையலறையில் பன்றிக்கறிக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது.

"அங்கிள் சாப்பாட்டுக்குக் கோழி தனியா போடலாம், நோ ப்ராப்ளம்" என்றார் அம்மையார், மலாயும் ஆங்கிலமும் கலந்து.

"தமிழ் டிவி?" என்று கேட்டாள் யோகேஸ்வரி.

"டிவி ஒண்ணுதான். அவங்க எல்லாம் கேண்டனீஸ் பார்ப்பாங்க."

மாமா என் காதில் மெதுவாகச் சொன்னார்: "பரவாயில்ல மாப்பிள்ளை. இங்க வந்தா யாரும் என்னைத் திட்டினாலும் புரியாது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பயப்படும்போது அவர் அப்படித்தான் சிரிப்பார்.

கீழே இறங்கியபோது தெருமுனையில் நகராண்மைக் கழகத்தின் சிவப்புப் பதாகை தொங்கிக்கொண்டிருந்தது. டெங்கி பரவும் பகுதி. அதைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

"தெரியும்" என்றான் விஜயன். "இதைத்தான் சொல்லப் போற. உனக்கு எங்கதான் மச்சான் டெங்கி இல்ல? ஜோகூரையே காலி பண்ணச் சொல்லலாமா?"

"தம்பி ஹோம் பார்க்க வந்தாரா, கொசு பார்க்க வந்தாரா?" என்றாள் யோகேஸ்வரி.

மாமா காரில் ஏறி உட்கார்ந்து என் முழங்காலை ஒருமுறை தட்டினார். அவருக்கு நன்றி என்று சொல்லிப் பழக்கமில்லை.

பொந்தியானுக்குப் புறப்பட்டோம்.

இந்தச் சாலையில்தான் மாமா பஸ் ஓட்டினார். ஜோகூர் பாருவிலிருந்து பொந்தியான், பொந்தியானிலிருந்து ஜோகூர் பாரு. ஓய்வு பெறும் வரை வேறு தடம் ஓட்டியதில்லை. விஜயன் கைபேசியில் வழி போட்டு வைத்திருந்தான். அதில் ஒரு பெண் குரல் வலது, இடது என்று சொல்லிக்கொண்டே வந்தது.

"அந்தப் பொம்பளையை நிறுத்துடா" என்றார் மாமா. "இந்த ரோட்டுல நான் யார்கிட்டயும் வழி கேட்டதில்ல. என்னை உட்கார வச்சுக்கிட்டு எனக்கே வழி சொல்றா."

எல்லோரும் சிரித்தோம். அன்று நாங்கள் நான்கு பேரும் சேர்ந்து சிரித்தது அந்த ஒருமுறைதான்.

பெக்கான் நானாஸைத் தாண்டியதும் யோகேஸ்வரி திரும்பி உட்கார்ந்தாள்.

"மாமா, இப்ப போற இடத்துல உங்களை நடக்கச் சொல்லிப் பார்ப்பாங்க. சட்டை பட்டன் போடச் சொல்வாங்க. டீ குடிக்கச் சொல்வாங்க. நல்லா செஞ்சு காட்டுங்க."

"எதுக்கு?"

"நல்லா செஞ்சுட்டீங்கன்னா, இவருக்கு ஹோமே தேவையில்லைன்னு அவங்களே சொல்லிடுவாங்க. அப்புறம் நாங்க என்ன பேச முடியும்?"

விஜயன் சாலையைப் பார்த்து ஓட்டினான்.

உண்மை வேறு. அந்த ஹோமுக்கு நான்தான் போன் செய்து விசாரித்தேன். நடக்கிறவருக்கு ஒரு கட்டணம். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு அதைவிட அதிகம். படுக்கையில் இருப்பவருக்கு இன்னும் அதிகம். விஜயன் அதைக் கேட்டுவிட்டுத் தெளிவாகச் சொல்லியிருந்தான்: "நடக்கிறவர் ரேட்னா நான் கட்டுறேன். அதுக்கு மேல போனா என்னால முடியாது மச்சான். அப்ப உன் வீட்லதான் இருக்கணும்."

அதாவது, மாமா நன்றாக நடந்தால் அங்கே தங்குவார். நடக்காவிட்டால் என்னோடு திரும்பி வருவார்.

மாமா யோகேஸ்வரியை நம்பவில்லை. மகனைப் பார்த்தார், அவன் கழுத்துதான் தெரிந்தது. கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"அப்படியா மாப்பிள்ளை?"

சாலையோரம் செம்பனை மரங்கள் போய்க்கொண்டே இருந்தன.

"ஆமா மாமா" என்றேன். "நடந்து காட்டுங்க."

அவர் தலையசைத்தார். தொங்காட்டை இரண்டு முழங்கால்களுக்கும் நடுவில் வைத்து, வலது காலை இடது கையால் பிசைந்துவிட ஆரம்பித்தார். பொந்தியான் வரும்வரை பிசைந்துகொண்டே இருந்தார்.

பொந்தியான் ஹோம் நல்ல இடம். அதைச் சொல்லியாக வேண்டும். பிரதான சாலையை ஒட்டித் தனி பங்களா. கடல் காற்று வருகிறது. ஆஸ்பத்திரி பக்கம். சாம்பார் வாசனை. டிவியில் தமிழ் நாடகம். நடத்துகிறவர் செல்லம் என்ற ஓய்வு பெற்ற தாதி. பருத்த உடம்பு, வேகமான நடை, சத்தமான குரல்.

"வாங்க வாங்க. கேட் கொக்கியைப் போட்டுட்டு வாங்க சார், மறந்துடாதீங்க."

கேட்டிலிருந்து ஐந்தடியில் சாலை. வெளியே செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று போனது. தரை அதிர்ந்தது.

வராந்தாவில் ஒரு பெரியவர் காலில் சப்பாத்து மாட்டி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டையே பார்த்தபடி இருந்தார்.

"மகேஸ்வரன் ஐயா" என்றார் செல்லம். "தினமும் வேலைக்குக் கிளம்பிடுவாரு. போன மாசம் யாரோ கொக்கி போடாம போயிட்டாங்க. மெயின் ரோட்டுல லோரிக்கு முன்னாடி போய் நிக்கிறாரு மனுஷன். அந்த லோரிக்காரன் பிரேக் அடிச்சதால இன்னைக்கு இங்க உட்கார்ந்திருக்காரு. இல்ல ஐயா?"

"எட்டு மணிக்கு பஸ்" என்றார் மகேஸ்வரன் ஐயா.

"போயிருச்சு ஐயா, அடுத்தது வரும்" என்றார் மாமா, பழைய தொழிலின் மரியாதையோடு. மகேஸ்வரன் ஐயாவுக்கு அந்தப் பதில் திருப்தியாக இருந்தது.

செல்லம் மாமாவைக் கேட்டருகே நிறுத்தினார். வராந்தாவில் ஒரு நாற்காலியைப் போட்டார்.

"அங்கிருந்து இங்க வாங்க ஐயா. அவசரமில்ல."

மாமா நடந்தார்.

நான் பலமுறை பார்த்த நடை. ஆனால் இப்படி நடந்து பார்த்ததில்லை. தொங்காட்டைத் தரையில் வைத்தார், தூக்கினார், வைத்தார். வலது காலை இழுக்காமல் தூக்கி வைக்கப் பார்த்தார். இரண்டு முறை முடிந்தது. மூன்றாவது முறை பாதம் மடங்கியது. விஜயன் ஓடப் போனான். யோகேஸ்வரி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். மாமா நிமிர்ந்துகொண்டார். நெற்றியில் வியர்வை வழிந்து கண்ணுக்குள் போனது. அவர் அதைத் துடைக்கவில்லை. துடைத்தால் தொங்காட்டை விட வேண்டும்.

"அப்படித்தான் மாமா! இன்னும் கொஞ்சம்!" என்று கை தட்டினாள் யோகேஸ்வரி.

படி ஒன்று இருந்தது. அதையும் ஏறினார்.

சட்டைப் பொத்தானை ஒற்றைக் கையால் கழற்றி மறுபடி மாட்டினார். தேநீரைச் சிந்தாமல் குடித்தார். செல்லம் குனிந்து, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்: "ஒண்ணுக்கு வந்தா சொல்லுவீங்களா ஐயா? இல்ல, படுக்கையிலயே போயிடுமா?"

"நான் பஸ் ஓட்டினவன்மா" என்றார் மாமா. "ஸ்டாண்டு வர்ற வரைக்கும் அடக்கத் தெரியும்."

செல்லம் வாய்விட்டுச் சிரித்தார். "ரொம்ப நல்லா இருக்காரு. நல்லா நடக்கிறாரு. நடக்கிறவர் கட்டணமே போதும் சார்."

விஜயனின் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. யோகேஸ்வரி கைப்பையைத் திறந்து பேனா தேடினாள்.

மாமா காதில் விழுந்தது "நல்லா நடக்கிறாரு" மட்டும்.

"கேட்டீங்களா மாப்பிள்ளை?" அவருக்கு மூச்சு வாங்கியது. "நல்லா நடக்கிறேனாம். சரி, போலாம். விஜயா, காரை எடு."

யாரும் அசையவில்லை.

"அப்பா" என்றான் விஜயன். "வந்ததுதான் வந்துட்டோம். ஒரு மாசம் இருந்து பாருங்களேன்."

"எதுக்கு? நான்தான் நடந்துட்டேனே."

"அதனாலதான் மாமா" என்றாள் யோகேஸ்வரி. "நடக்கிறவங்களைத்தான் இங்க நல்லா பார்த்துக்குவாங்க."

மாமா என்னைப் பார்த்தார். நான் டிவியைப் பார்த்தேன். நாடகத்தில் ஒருத்தி இன்னொருத்தியைக் கன்னத்தில் அறைந்தாள். அதை மூன்று முறை காட்டினார்கள்.

"கழிவறை எங்க?" என்று கேட்டார் மாமா. செல்லம் பின்பக்கம் கை காட்டினார். டொக், இழுவை, டொக், இழுவை. போனார்.

விஜயன் முதல் மாதத்துக்கு உண்டானதைக் கொடுத்தான். நான் காரிலிருந்து பையை எடுத்து வந்தேன்.

அப்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"மாப்பிள்ளை! மாப்பிள்ளை, ஓடி வாங்க!"

"அலமாக், விழுந்துட்டாரு" என்று விஜயன் ஓடினான். எல்லோரும் ஓடினோம்.

அவர் விழவில்லை. பின்வாசலில், குழாயடியில் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். முகமெல்லாம் மலர்ந்திருந்தது. தொங்காட்டைத் தூக்கித் தரையைக் காட்டினார். சுவரோரம் பழைய பெயிண்ட் டின். அதில் பாதி வரை மழைத்தண்ணீர்.

"பாருங்க மாப்பிள்ளை. நெளியுது பாருங்க. அதேதான். லோஷினி போனப்புறம் சுகாதார ஆபீசர் வந்து நம்ம பக்கத்து காலி வீட்டுல டார்ச் அடிச்சுக் காட்டினாரே, அதே!"

"நேத்துதான் சார் மழை" என்றார் செல்லம். "ஆள் வச்சு தினமும் கவுத்துடுவோம். இதை எப்படியோ விட்டிருக்காங்க."

விஜயன் தோற்றுப்போனவன் மாதிரி என்னைப் பார்த்தான். நான் என்ன சொல்வேன் என்று அவனுக்குத் தெரியும். "இங்கயுமா?" என்றான். "சொல்லு மச்சான். நீ சொல்லு."

"உங்க வாயால சொல்லுங்க மாப்பிள்ளை" என்றார் மாமா. "நீங்க சொன்னாத்தான் இவங்க கேப்பாங்க."

நான் குனிந்து பார்த்தேன்.

கொசுப்புழுக்கள் மேலே வந்து மூச்சு வாங்கின. நிழல் பட்டதும் உடலை மடக்கி மடக்கிக் கீழே போயின. மறுபடி மேலே வந்தன. ஒரு வருடமாக நான் வேறு எதையும் இவ்வளவு உன்னிப்பாகப் படித்ததில்லை. அது என்ன கொசு என்று எனக்குத் தெரியும். எத்தனை நாளில் அதற்கு இறக்கை முளைக்கும் என்றும் தெரியும். மாமா சொன்னது சரி.

நிமிர்ந்தேன்.

"ஒண்ணும் இல்ல மாமா" என்றேன். "சும்மா மழைத்தண்ணி."

சப்பாத்தால் டின்னைத் தள்ளினேன். தண்ணீர் மணலில் ஓடி மறைந்தது.

யோகேஸ்வரி, "தம்பியே சொல்லிட்டாரு மாமா, அப்புறம் என்ன?" என்றாள். விஜயன் என்னைப் பார்க்காமல் என் தோளைத் தொட்டான்.

மாமா ஈர மணலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் இருந்தது. அதை எடுத்துவிட மறந்துவிட்டார் போலிருந்தது.

அவருக்குக் கொடுத்த கட்டில் ஜன்னலோரம். ஜன்னல் வழியாகக் கேட்டும் சாலையும் தெரிந்தன. நல்ல கட்டில். செல்லம் பையைத் திறந்து சட்டைகளை எடுத்து அலமாரியில் அடுக்கினார்.

"அட, எல்லாத்துலயும் பேரு எழுதிக் கொண்டு வந்துட்டீங்களே! மத்தவங்க இதைச் செய்யவே மாட்டாங்க சார். இங்க துணி மாறிப்போய் தினமும் சண்டை."

போனில் செல்லம்தான் சொல்லியிருந்தார், சலவைக்காகக் காலரில் பெயர் எழுதி அனுப்பச் சொல்லி. முந்தின நாள், மாமா கோயிலுக்குப் போயிருந்தபோது எழுதினேன். ஒவ்வொரு சட்டையிலும் பனியனிலும். ஐயாசாமி. ஐயாசாமி. ஐயாசாமி. அழியாத மை.

மாமா கையை நீட்டினார். செல்லம் ஒரு சட்டையைக் கொடுத்தார். அவர் காலரைத் திருப்பிப் பார்த்தார். என் எழுத்து அவருக்குத் தெரியும். அவருடைய மருந்து டப்பாக்களில் காலை, மாலை என்று எழுதுகிறவன் நான்தான்.

கட்டைவிரலால் ஒருமுறை தேய்த்துப் பார்த்தார்.

"எழுத்து நல்லா இருக்கு" என்றார்.

சட்டையை மடித்துச் செல்லத்திடம் திருப்பிக் கொடுத்தார்.

அதன்பிறகு அவர் எங்களோடு பேசவில்லை. விஜயன் காலைத் தொட்டுக் கும்பிட்டான், கொஞ்சம் அழுதான். "வாரா வாரம் வருவேன்பா" என்றான். யோகேஸ்வரி அவன் முதுகைத் தடவினாள். "கண்ணைத் துடைங்க. பக்கத்துலதான் இருக்கு. தினமும் சிங்கப்பூருக்குப் போய் வர்றீங்க, பொந்தியானுக்கு வர முடியாதா?"

நான் கடைசியாக வெளியே வந்தேன். வராந்தாவில் மகேஸ்வரன் ஐயா தன் கைப்பையோடு இருந்தார். அவருக்குப் பக்கத்து நாற்காலியில் மாமா வந்து உட்கார்ந்தார்.

பெக்கான் நானாஸ் வந்தபோது விஜயனின் கைபேசி அடித்தது. செல்லம். ஸ்பீக்கரில் போட்டான்.

"சார், ஐயா எழுந்திரிக்க மாட்டேங்கிறாரு. சாப்பாட்டு மேசைக்கு வாங்கன்னு கூப்பிட்டா கால் வரலைங்கிறாரு. தூக்கிப் பார்த்தோம், துணி மூட்டை மாதிரி தொங்குறாரு. காலையில அப்படி நடந்தாரே! இப்படியே இருந்தா நான் வேற கட்டணம்தான் சார் போடணும். கோவிச்சுக்காதீங்க."

விஜயன் அன்னாசிப்பழக் கடைகள் முன் காரை ஓரம் கட்டினான்.

"நடிப்பு" என்றாள் யோகேஸ்வரி. "சுத்த நடிப்பு. நம்மளைத் திருப்பி வர வைக்கிறதுக்கு."

"ஒண்ணே ஒண்ணு சொல்றாரு சார்" என்றார் செல்லம். "மாப்பிள்ளை நடக்கச் சொன்னா நடக்கிறேங்கிறாரு."

விஜயன் கைபேசியை என் பக்கம் நீட்டினான். அவன் கண்கள் சிவந்திருந்தன.

"இந்தா. நீயே பேசு. இல்லைன்னா இப்பவே காரைத் திருப்புறேன் மச்சான். அந்த ரேட்டு என்னால கட்ட முடியாது. தூக்கிட்டு வந்து உன் வீட்ல விட்டுட்டுப் போயிடுவேன்."

ஸ்பீக்கரை அணைத்துக் காதில் வைத்தேன்.

"மாமா."

மூச்சு கேட்டது. அதற்குப் பின்னால் டிவி நாடகம்.

அம்மா வீட்டைக் கூட்டித் துடைக்க முந்தின நாளே வருவதாகச் சொல்லியிருந்தாள். ஹாலில் இருக்கும் அவருடைய நாற்காலியை என்ன செய்வது என்று யோசித்தேன்.

"நடங்க மாமா" என்றேன்.

"நடக்கிறேன் மாப்பிள்ளை."

குரலில் கோபம் இல்லை. பணிவாகத்தான் இருந்தது. அதுவரை அவர் என்னிடம் அவ்வளவு பணிவாகப் பேசியதில்லை.

"எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

நான் கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லுங்க. எனக்கு வழி தெரியல."

நாற்காலி தரையில் உரசும் சத்தம் கேட்டது. பிறகு டொக். இழுவை. டொக். இழுவை. தூரத்தில் செல்லம் சந்தோஷமாகக் கத்தினார்: "எழுந்துட்டாரு சார்! ஐயா எழுந்துட்டாரு! கொஞ்சம் பொறுங்க ஐயா, நான் அடுப்பைப் பார்த்துட்டு வந்துடறேன்." தொடர்பு அறுந்தது.

"என்ன சொன்னாரு?" என்றான் விஜயன்.

"நடக்கிறாரு."

"நான் சொல்லல?" என்றாள் யோகேஸ்வரி. விஜயன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து நீளமாக மூச்சு விட்டான். அவள் கதவைத் திறந்தாள். "நிறுத்தினதுதான் நிறுத்தினோம், ரெண்டு நானாஸ் வாங்கிட்டுப் போலாம். தம்பி, உங்களுக்கு?"

"வேணாம்க்கா."

அவள் பழத்தை மோந்து பார்த்தாள், தட்டிப் பார்த்தாள், கடைக்காரனோடு பேரம் பேசினாள். பொந்தியான் பக்கமாகச் செம்பனை லோரி ஒன்று போனது. கார் அதிர்ந்தது.

ஹோமிலிருந்து கடைசியாக வந்தவன் நான். வெளியே வந்தபோது அம்மாவிடமிருந்து செய்தி வந்திருந்தது: என்னாச்சு? ஒரு கையால் கேட்டை இழுத்துக்கொண்டே மறுகையால் பதில் அடித்தேன். முடிஞ்சது.

கேட்டை இழுத்தது நினைவிருக்கிறது. பதில் அடித்தது நினைவிருக்கிறது.

கொக்கி நினைவில்லை.